ஞாயிற்றுக்கிழமை ஒரு கதை: கரிசல் மண் தந்த புத்தகங்கள்

புதியம்புத்தூர்!

தூத்துக்குடி மாவட்டத்தில், ஒட்டப்பிடாரம் வட்டத்தில் இருக்கிறது இந்த ஊர். ரெடிமேட் துணிக்குப் பெயர் பெற்ற ஊர். தெருவில் நடந்தால் தையல் மிஷின் சத்தம் காதில் விழும். ஒரு வீட்டில் துணி வெட்டுவார்கள். அடுத்த வீட்டில் தைப்பார்கள். அதற்கு அடுத்த வீட்டில் காஜா எடுத்து, பட்டன் வைப்பார்கள்.

பீஸ் கணக்கில் கூலி. எத்தனை உருப்படி தைத்தோமோ, அத்தனைக்குத்தான் காசு. ஆகவே, வாரம் முழுவதும் குனிந்த தலை நிமிராது. தீபாவளியும் பொங்கலும் நெருங்கினால் சொல்லவே வேண்டாம். இரவு, பகல் தெரியாது.

அப்படி உழைத்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறார்கள். கறிக்குழம்பு வைக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறார்கள். படுத்தவுடன் கைக்கு வருவது எது? செல்போன்தான்.

விரல் மேலும் கீழும் ஓடுகிறது. ஒரு மணி நேரம் போகிறது. இரண்டு மணி நேரமும் போகிறது. எழுந்தபிறகு, "என்ன பார்த்தாய்?" என்று கேட்டால் பதில் வராது.

அந்த இரண்டு மணி நேரத்தில் அரை மணியை ஒரு கதைக்குக் கொடுத்தால் என்ன?

"புத்தகம் எல்லாம் படித்தவர்களுக்கு. எட்டாம் வகுப்போடு நின்ற எங்களுக்கு எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி போலத்தான் தோன்றும். ஆனால், கரிசல் காட்டில் வாழ்கிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது. ஏன் என்றால், தமிழ்நாட்டில் வேறு எந்த வட்டாரத்துக்கும் எளிதில் கிடைக்காத ஒரு பாக்கியம் அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. அவர்கள் வீட்டில் பேசுகிற பேச்சே அச்சில் ஏறி, பரிசுகள் வாங்கி, புத்தகமாக நிற்கிறது.

தெரிந்த சொல்

புதிதாக எழுத்துக் கற்றவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுவார்கள். "க", "ம்", "மா", "ய்" என்று கூட்டி முடித்ததும், "அட, கம்மாய்!" என்று முகம் மலரும். அதே இடத்தில் "நீர்த்தேக்கம்" என்று இருந்தால்? கூட்டி முடித்தாலும் முகம் மலராது. இது என்ன சொல் என்று இன்னொருவரைக் கேட்க வேண்டும்.

படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு எளிய புத்தகம் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் எளிய புத்தகம் என்றால் என்ன? பெரிய எழுத்தில், சின்ன வாக்கியத்தில், நாலு படம் போட்டு, வளர்ந்தவர்களுக்குப் புத்தி சொல்லும் புத்தகமா? அதைப் படிக்கும் ஐம்பது வயதுப் பெண்மணிக்குக் கொட்டாவிதான் வரும். அவருக்குத் தெரிந்த சொல்லில், அவருக்குத் தெரியாத கதையைச் சொல்ல வேண்டும். அதுதான் எளிய புத்தகம்.

1990-களில் தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம் நடந்தது. வேலை முடிந்து வந்த பெண்கள், இரவில் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுத்துக் கற்றார்கள். அவர்களில் பலர் இன்று பாட்டிமார் ஆகிவிட்டார்கள். கற்ற எழுத்தைப் பஸ் பெயர்ப் பலகை படிக்கவும் கையெழுத்துப் போடவும் மட்டும் வைத்துக்கொண்டால், அது மெல்ல மறந்துபோகும். அவர்கள் கையில் முதலில் கொடுக்க வேண்டிய புத்தகம் கரிசல் கதைதான்.

ஒரே ஊர், இரண்டு நண்பர்கள்

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்று ஒரு கிராமம். பருத்தி விளையும் கரிசல் பூமி. அந்த ஒரே ஊரில் 1923-ம் ஆண்டு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். ஒருவர் கு.அழகிரிசாமி. மற்றவர் கி.ராஜநாராயணன். இரண்டு பேரும் இணைபிரியாத நண்பர்கள். இரண்டு பேருமே பின்னாளில் சாகித்ய அகாடமி பரிசு பெற்றார்கள். ஒரு சின்ன கிராமத்துக்கு இரண்டு சாகித்ய அகாடமி!

அழகிரிசாமி பத்திரிகை வேலைக்காகச் சென்னைக்குப் போனார். 1950-களில் சில ஆண்டுகள் மலாயாவில் 'தமிழ் நேசன்' பத்திரிகையிலும் வேலை பார்த்தார். 1970-ம் ஆண்டு, 46 வயதிலேயே காலமாகிவிட்டார். அந்த ஆண்டின் பரிசு 'அன்பளிப்பு' என்ற அவருடைய சிறுகதைத் தொகுதிக்கு, அவர் மறைந்த பிறகு வந்தது.

புதியம்புத்தூர் வீடுகளில் முதலில் படிக்க வேண்டிய கதை இவருடையதுதான். பெயர், 'ராஜா வந்திருக்கிறார்'.

அது தீபாவளிக் கதை. ஏழைக் குடும்பம். வீட்டில் பிள்ளைகள். பணக்கார வீட்டுப் பையனோடு அவர்களுக்கு எப்போதும் போட்டி. உன்னிடம் இருப்பது என்ன, என்னிடம் இருப்பது என்ன என்று பிள்ளைகளுக்குள் நடக்குமே, அந்தப் போட்டி. தீபாவளிக்குப் பணக்கார வீட்டுக்கு ஒரு ராஜா வருகிறார். அவர்கள் வீட்டு மாப்பிள்ளை அவர், ஜமீன்தார். அதே சமயத்தில், ஏழை வீட்டு வாசலுக்கு ஓர் அனாதைச் சிறுவன் வந்து நிற்கிறான். உடம்பில் நல்ல துணி இல்லை. அந்தத் தாய் அவனை என்ன செய்தாள்? அவனுக்கு உடுத்த என்ன கொடுத்தாள்? அவன் பெயர் என்ன? இதற்கு மேல் சொன்னால் கதையின் ருசி போய்விடும்.

ஊர் ஊராகத் தீபாவளித் துணி தைத்து அனுப்புகிறவர்கள் புதியம்புத்தூர்க்காரர்கள். ஒரு குழந்தைக்குப் புதுத் துணி என்றால் என்ன என்பது அவர்களுக்குத் தெரியும். தங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எடுத்த துணியைத் தீபாவளிக்கு முதல் நாள் நள்ளிரவில் தைத்து முடித்தவர்களும் அங்கே உண்டு. அவர்களைவிட இந்தக் கதையை நன்றாகப் புரிந்துகொள்ளக் கூடியவர்கள் எந்தக் கல்லூரியிலும் கிடையாது.

அழகிரிசாமியின் இன்னொரு கதை, 'குமாரபுரம் ஸ்டேஷன்'. கோவில்பட்டிக்கும் கடம்பூருக்கும் நடுவே இருக்கிறதே, அதே குமாரபுரம்தான். ரயிலில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு மறந்துபோகிற சின்ன ஸ்டேஷன். இந்தப் பொட்டல் காட்டில் எதற்கு ஒரு ஸ்டேஷன் என்று நினைக்கத் தோன்றும். கதையைப் படித்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். பரீட்சை எழுதிப் பள்ளியில் சேர்வதற்காக அங்கே ரயிலேறும் கிராமத்துப் பிள்ளைகளை அவர்களால் மறக்க முடியாது.

கதவு போன வீடு

அடுத்தவர் கி.ராஜநாராயணன். 'கி.ரா.' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

இவர் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்கவில்லை. விவசாயி. எழுத வந்ததும் தாமதமாகத்தான். முப்பது வயதைத் தாண்டிய பிறகு, 1950-களின் கடைசியில்தான் அவருடைய கதைகள் வெளிவரத் தொடங்கின. ஆனால், பிற்காலத்தில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டுப் பேராசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தது. எதற்காக? கிராமத்துக் கதைகளையும் பேச்சையும் அவரிடமிருந்து தெரிந்துகொள்வதற்காக. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டோம் என்று கூச்சப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

1991-ம் ஆண்டு 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காகச் சாகித்ய அகாடமி பரிசு பெற்றார். 2021 மே 17-ந் தேதி புதுச்சேரியில் காலமானார். அவர் உடல் இடைசெவலுக்குக் கொண்டுவரப்பட்டு, அரசு மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டது. எழுதுகிறவனுக்குத் துப்பாக்கிக் குண்டு முழங்கி மரியாதை செய்வது தமிழ்நாட்டில் அபூர்வம். கோவில்பட்டியில் அவருக்கு நினைவரங்கமும் இருக்கிறது.

அவர் கதைகளில் முதலில் எடுக்க வேண்டியது 'கதவு'.

ஒரு வீட்டுக் கதவு. பிள்ளைகள் அதில் தொற்றிக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டி விளையாடுகிறார்கள். அவர்களுக்கு அது கதவு அல்ல. ஊர் ஊராகப் போகும் வண்டி. ஒரு நாள் தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். கதவு இல்லாத வீட்டில், வாடைக் காற்றில், அந்தத் தாயும் பிள்ளைகளும் என்ன ஆனார்கள்? சில பக்கங்களே உள்ள கதை. சத்தம் போட்டுப் படித்தாலும் ஒரு காப்பி குடிக்கும் நேரத்துக்கு மேல் ஆகாது. ஆனால் படித்து முடித்ததும் வீட்டில் கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள்.

கட்டுரை வேண்டும் என்பவர்களுக்கு 'கரிசல் காட்டுக் கடுதாசி' இருக்கிறது. 1980-களில் 'ஜூனியர் விகடன்' இதழில் தொடராக வந்து தமிழ்நாடு முழுவதும் பேச்சாக இருந்தது. ஊரில் நடந்தது, ஊர்க்காரர்கள் சொன்னது, சாப்பாடு, வெயில், மழை, வம்பு எல்லாம் அதில் உண்டு. எந்தப் பக்கத்திலிருந்தும் படிக்கலாம். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். காஜா மிஷினில் நூல் மாற்றுகிற நேரத்தில்கூட ஒரு பக்கம் முடிந்துவிடும்.

வீட்டில் பள்ளிப் பிள்ளை இருந்தால் 'பிஞ்சுகள்' வாங்கிக் கொடுக்கலாம். காட்டிலும் மேட்டிலும் பறவைகளையும் முட்டைகளையும் தேடித் திரியும் ஒரு சிறுவனின் கதை அது. இன்றைய பிள்ளைகளுக்குக் காக்கையையும் மைனாவையும் தவிர எத்தனை பறவை தெரியும்? தாத்தாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படித்தால், புத்தகத்தில் இல்லாத பறவைகளும் வந்து சேரும்.

நாவலுக்கு ஆசைப்படுகிறவர்கள் 'கோபல்ல கிராமம்' படிக்கலாம். 1976-ல் வந்தது. தெலுங்கு நாட்டிலிருந்து உயிருக்குப் பயந்து ஓடிவந்த மக்கள், காட்டைத் திருத்தி இந்தக் கரிசல் பூமியில் குடியேறிய கதை. நம் ஊருக்கு நாம் எப்படி வந்தோம் என்று எந்தப் பிள்ளையும் ஒரு நாள் கேட்கும். அப்போது இந்தப் புத்தகம் கைகொடுக்கும்.

'கொச்சை' என்று ஒரு சண்டை

பேச்சுத் தமிழை அப்படியே எழுதலாமா, அது கொச்சை அல்லவா என்று ஒரு காலத்தில் பெரிய சண்டையே நடந்தது. இன்றும் சில வீடுகளில், "இந்தப் புத்தகத்தைப் படித்தால் பிள்ளைக்குப் பரீட்சைத் தமிழ் கெட்டுவிடும்" என்று பயப்படுகிறார்கள்.

பயப்பட ஒன்றும் இல்லை. சாமி கும்பிடப் போகும்போது பட்டு கட்டுகிறோம். காட்டு வேலைக்குப் போகும்போது பழைய சேலை கட்டுகிறோம். இரண்டும் சேலைதான். எதை எப்போது கட்டுவது என்று பெண்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பிள்ளைக்கும் தெரியும்.

கி.ரா. ஒரு காரியம் செய்தார். கரிசல் காட்டுச் சொற்களைச் சேகரித்து, 'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி' என்று 1982-ல் ஓர் அகராதியே வெளியிட்டார். ஒரு வட்டாரத்தின் பேச்சுக்கு அகராதி போடலாம் என்று தமிழில் வழிகாட்டிய புத்தகம் அது. பாட்டி வாயில் மட்டும் இருந்த சொல், அகராதியில் இடம் பிடித்தது. கம்பும் பருத்தியும் குறைந்து, நிலம் பிளாட் ஆகும்போது, அவற்றோடு சேர்ந்து அந்தச் சொற்களும் போகின்றன. தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் பருத்திமார் என்றால் தெரியும். அவள் மகளுக்குத் தெரியுமா? கேட்டுப் பார்க்க வேண்டும்.

சினிமாவில் பார்த்தவர்களுக்கு

'அசுரன்' படம் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. 2019-ல் வந்தது. அதற்கு மூலம் 'வெக்கை' என்ற நாவல் என்பதும், 1982-ல் அதை எழுதிய பூமணி கோவில்பட்டி பக்கத்துக்காரர் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்?

படத்தில் அப்பாதான் கதாநாயகன். புத்தகத்தில் மகன். அண்ணனைக் கொன்றவனைப் பழிவாங்கிவிட்டு, பதினைந்து வயதுப் பையன் அப்பாவோடு காட்டில் ஒளிந்து திரிகிறான். எட்டு நாள் கதை. படத்தில் சண்டை அதிகம். புத்தகத்தில் அப்பாவும் மகனும் சோறு பொங்குவதும் பேசிக்கொள்வதும்தான் அதிகம். எது மேல் என்று கேட்டால், புத்தகம்தான் மேல். ஆனால் ரத்தம் சிந்தும் கதை. சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு படிக்க வேண்டாம்.

அதே போல, 2008-ல் வந்த 'பூ' படத்துக்கு மூலம், ச.தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' என்ற சிறுகதை. மாமன் மகனை மனதில் வைத்திருந்த ஒரு பெண், கல்யாணமான பிறகு, கொளுத்தும் வெயிலில் நடந்து அவனைப் பார்க்கப் போகிறாள். அவன் சுகமாக இருக்கிறானா என்று தெரிந்தால் அவளுக்குப் போதும். இப்படி ஒரு பெண் மனதை எழுதிய கதைகள் தமிழில் குறைவு.

பூமணிக்கு 2014-ல் சாகித்ய அகாடமி பரிசு வாங்கித் தந்தது 'அஞ்ஞாடி'. ஆயிரம் பக்கத்துக்கு மேல். அதை முதலில் எடுக்க வேண்டாம். நீந்தப் பழகுகிறவன் கிணற்றின் ஓரத்தில் இறங்க வேண்டும்; கடலில் குதிக்கக்கூடாது. சோ.தர்மன் எழுதிய 'சூல்' நாவலும் கொஞ்சம் பெரியதுதான். 2019-ல் பரிசு பெற்றது. உருளைக்குடி என்ற ஊரின் கம்மாய்தான் அதில் கதாநாயகன். ஊரே கூடிக் காத்த கம்மாய் பின்னால் என்ன ஆனது என்பதை ஒரு பஞ்சாயத்து மெம்பராவது படித்தால் நல்லது.

பக்கத்து ஊர்ப் பெரியவர்கள்

எட்டயபுரமும் ஒட்டப்பிடாரமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது, பாரதியாரையும் வ.உ.சி.யையும் விட்டுவிட முடியுமா?

1882-ல் எட்டயபுரத்தில் பிறந்த பாரதியாரின் பாட்டு எல்லோருக்கும் தெரியும். அவர் கதையும் எழுதினார் என்பது பலருக்குத் தெரியாது. 'சின்னச் சங்கரன் கதை' என்று ஒன்று. ஜமீன்தார்களையும், அவர்களைச் சுற்றி நின்று தாளம் போடுகிறவர்களையும் கேலி செய்து எழுதியிருக்கிறார். வயிறு வலிக்கச் சிரிக்கலாம். ஒரே குறை, கதை பாதியில் நிற்கிறது. மீதி நமக்குக் கிடைக்கவில்லை. பாரதியார் எழுத்துகளை 1949-ல் அரசு வாங்கி, பிறகு மக்களுக்குப் பொதுவாக்கியது. ஆகவே காசு கொடுக்காமல் செல்போனிலேயே படிக்கலாம். விரல் ஓடத்தான் போகிறது. பாரதியார் மீது ஓடட்டும்!

ஒட்டப்பிடாரத்தில் 1872-ல் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை கப்பல் விட்டதும், சிறையில் செக்கிழுத்ததும் பள்ளிப் பாடத்தில் உண்டு. சிறையில் இருந்த காலத்தில் அவர் புத்தகமும் எழுதினார். ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரின் சிறு நூலை 'மனம் போல வாழ்வு' என்று தமிழில் தந்தார். தம் வாழ்க்கை வரலாற்றைச் செய்யுளில் எழுதினார். செய்யுள் புதியவர்களுக்குக் கொஞ்சம் கடினம். வாத்தியார் யாராவது பக்கத்தில் இருந்தால்தான் ஓடும். உள்ளதைச் சொல்லிவிடுவதே நல்லது.

புத்தகம் எங்கே கிடைக்கும்?

"எல்லாம் சரி, காசு?" என்பது அடுத்த கேள்வி.

வீட்டு வரி கட்டுகிறவர்கள் ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரியும் சேர்ந்திருக்கும். 1948-ம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தால் வந்த ஏற்பாடு இது. காசை முன்பே கட்டியாகிவிட்டது. புத்தகத்தை எடுக்காமல் இருந்தால் நஷ்டம் யாருக்கு?

அதற்கும் முன்பே, 1931-ல், மன்னார்குடி பக்கத்தில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி, கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். வண்டி வரும் நாளை எதிர்பார்த்து மக்கள் காத்திருந்தார்கள். இன்று நூலகம் பஸ் போகும் தூரத்தில் இருக்கிறது.

கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை பெரும்பாலும் வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்காகவே செய்த ஏற்பாடு போல இருக்கிறது. உறுப்பினர் அட்டை வாங்கச் சிறிய தொகைதான். ஒருவர் சேர்ந்தால் போதும். வீடு முழுவதும் படிக்கலாம்.

படிப்பதிலும் ஒரு வழி இருக்கிறது. ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம். டீக்கடையில் பேப்பர் படிக்கிறார்களே, அப்படி. படிக்கிற பிள்ளை தடுமாறினால், எழுத்தே தெரியாத பாட்டி அந்தச் சொல்லைச் சரியாகச் சொல்லிவிடுவார். கரிசல் கதையில் மட்டும்தான் இந்த வேடிக்கை நடக்கும். பிள்ளைக்கு எழுத்து தெரியும். பாட்டிக்குச் சொல் தெரியும். இருவரும் சேர்ந்தால்தான் பக்கம் நகரும்.

இந்த வாரம் 'ராஜா வந்திருக்கிறார்' படியுங்கள். அடுத்த வாரம் 'கதவு'. மூன்றாவது வாரத்துக்கு அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையை வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுக்கும் ஒருவரைப் பற்றிய கதை அது. அதில் சாரங்கன் என்று ஒரு பையன் வருவான். அவனைத் தெரிந்துகொண்ட பிறகு, பிள்ளையின் பிறந்த நாளுக்குப் புத்தகம் வாங்கப் போகிறவர்கள் ஒரு பேனாவையும் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்கள். முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். ஏன் என்பது அந்தக் கதையில் இருக்கிறது.